ஒரு செல்லுக்குள் ஓர் ஏரி: எக்செல்லின் சின்னக் கோடுகளுக்கு அளவுகோல் வைப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் நீர் இருப்பை ஓர் ஆசிரியர், தம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களோடு சேர்ந்து 2018 முதல் எக்செல்லில் குறித்து வருகிறார். ஏரிக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு பத்தி, மாத முதல் தேதி இருப்பு. ஐந்து சார்ட் போட்டால் பக்கம் கொள்ளவில்லை. அதனால் செல்லுக்குள்ளேயே சின்னக் கோடு வரையும் ஸ்பார்க்லைன் வசதியை எடுத்திருக்கிறார். வந்த சிக்கல்கள் மூன்று. சின்ன ஏரியான சோழவரமும் பெரிய ஏரியான செம்பரம்பாக்கமும் ஒரே உயரத்துக்கு ஏறி இறங்குகின்றன. கண்ணன்கோட்டை ஏரி 2018, 2019-இல் வறண்டு கிடந்ததுபோல் கோடு தரையில் ஓடுகிறது. மாதப் பத்திகளை மறைத்தால் கோடுகளும் மறைந்துவிடுகின்றன.

உடனடிப் பதில் இது. இருப்பை அப்படியே வரையாமல், ஏரியின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று மாற்றி வரையுங்கள். கோட்டின் அடிமட்டம் 0, உச்சி 1 என்று நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் காலி செல்லுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாவது ஒரே ஒரு டிக் அடித்தால் தீரும். இனி ஒவ்வொன்றாக வருகிறேன். முதலாவதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்த வசதியைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் அதுதான்.

கோடு போடுவது எளிது. இன்சர்ட் டேபில் ஸ்பார்க்லைன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் லைன், காலம், வின்-லாஸ் என்று மூன்று பட்டன்கள். முதலாவது கோடு, இரண்டாவது தூண்கள், மூன்றாவது எண் பூஜ்யத்துக்கு மேலா கீழா என்பதை மட்டும் மேலும் கீழுமாகச் சமமான கட்டைகளில் காட்டுவது. எண்கள் எங்கே இருக்கின்றன, கோடு எங்கே வர வேண்டும் என்று எக்செல் இரண்டு கேள்வி கேட்கும். ஐந்து வரிசை எண்களுக்கு ஐந்து செல் இடம் காட்ட வேண்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஏற்காது. எக்செல் 2010-இல் வந்த வசதி இது. அதற்கும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் கோப்பைச் சேமித்தால் கோடுகள் தங்காது.

கோடு வந்துவிட்டது. எந்த உயரத்தில் வரைவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? நீங்கள் ஒன்றும் சொல்லாததால் எக்செல்லே முடிவு செய்துகொண்டது. ஒவ்வொரு வரிசையிலும் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்து அதைச் செல்லின் அடியில் வைக்கிறது. மிகப் பெரிய எண்ணைச் செல்லின் மேல் விளிம்பில் வைக்கிறது. அடுத்த வரிசைக்குப் போனதும் இந்த வரிசையை மறந்துவிடுகிறது.

வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் படம் எடுத்து, ஒவ்வொருவர் தலையும் சட்டத்தைத் தொடும்வரை படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் வரிசையாக மாட்டினால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். ஒவ்வொரு படமும் அதனதன் அளவில் சரியானதே. வரிசையாக மாட்டியதால்தான் பொய்யாகிறது. உங்கள் சோழவரத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நடந்தது இதுவே.

எண்களைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081, புழலுக்கு 3,300, கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகைக்கு 500, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. ஐந்தும் சேர்ந்தால் 11,757, அதாவது பதினொன்றே முக்கால் டி.எம்.சி. செம்பரம்பாக்கம் கண்ணன்கோட்டையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். இவ்வளவு வேறுபாடு உள்ளவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும்போது எந்த அளவுகோலில் வைக்கிறோம் என்பதே முழு விஷயமும்.

மூன்று அளவுகோல்கள் சாத்தியம். மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எக்செல் தானாகச் செய்வதுபோல் ஏரிக்கு ஏரி தனி அளவு வைத்தால், அந்த ஏரி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. எல்லா ஏரிக்கும் ஒரே மில்லியன் கன அடி அளவு வைத்தால், ஊருக்கு இருக்கும் தண்ணீரில் யாரிடம் எவ்வளவு என்பது தெரியும். ஆனால் கண்ணன்கோட்டை முழுசாக நிரம்பினாலும் செம்பரம்பாக்கத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. எக்செல்லின் சாதாரண வரிசை 20 பிக்சல் உயரம். அதில் கண்ணன்கோட்டைக்குக் கிடைப்பது மூன்று பிக்சலுக்கும் குறைவு. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணாடி போட்டாலும் தெரியாது. மூன்றாவது வழி, ஒவ்வொன்றும் தன் கொள்ளளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று வரைவது. சின்ன ஏரியும் தெரியும், பெரிய ஏரியும் தெரியும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியும். உங்கள் மாணவர்கள் கேட்கப் போகும் கேள்வி "எந்த ஏரி எவ்வளவு காய்ந்திருக்கிறது" என்பதுதான் என்றால், இதுவே சரியான அளவுகோல்.

செய்முறை இது. முதல் ஷீட்டில் ஏ பத்தியில் ஏரியின் பெயர், பி பத்தியில் கொள்ளளவு, சி-யிலிருந்து மாத இருப்பு. இரண்டாவது ஷீட்டில் அதே அமைப்பு, ஆனால் ஒவ்வொரு செல்லிலும் இருப்பைக் கொள்ளளவால் வகுத்த விடை. பி பத்திக்கு முன்னால் டாலர் குறி போட்டால் ஃபார்முலாவை இழுத்துக்கொண்டே போகலாம். கோடுகளை இந்த இரண்டாவது ஷீட்டிலிருந்து வரையுங்கள். பிறகு கோடு உள்ள செல்லில் கிளிக் செய்தால் ஸ்பார்க்லைன் டேப் தோன்றும். அதில் ஆக்சிஸ் என்பதைத் திறந்தால் செங்குத்து அச்சின் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் தனித்தனியாக மூன்று தேர்வுகள் இருக்கும். கஸ்டம் வேல்யூ என்பதை எடுத்து, குறைந்தபட்சத்துக்கு 0, அதிகபட்சத்துக்கு 1 கொடுங்கள். பலர் இங்கே 100 என்று கொடுத்துவிட்டு, கோடு முழுக்கத் தரையில் படுத்துவிட்டதே என்று தவிப்பார்கள். செல்லில் 85% என்று தெரிந்தாலும் எக்செல் உள்ளே வைத்திருப்பது 0.85 என்ற எண்தான். எனவே முழு ஏரி என்பது 1.

அதே பட்டியலில் "எல்லா ஸ்பார்க்லைனுக்கும் ஒரே அளவு" என்று பொருள்படும் ஒரு தேர்வும் உண்டு. அதை நம்பிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "எல்லா" என்பது ஒரே குழுவில் உள்ள எல்லாம் என்றுதான் பொருள். ஐந்து கோடுகளையும் ஒரே தடவையில் போட்டிருந்தால் அவை ஒரு குழு. இன்று இரண்டு, நாளை மூன்று என்று போட்டிருந்தால் அவை தனித்தனிக் குழுக்கள். ஒரு குழுவின் அளவு மற்றதைக் கட்டாது. எல்லாச் செல்களையும் தேர்ந்தெடுத்து ஸ்பார்க்லைன் டேபில் குரூப் என்பதை அழுத்துங்கள். அதற்குப் பிறகே அளவை மாற்றுங்கள்.

கோட்டைவிடத் தூண் வகையில் இந்தத் தானியங்கி அளவு இன்னும் கெடுதல். தூணின் உயரத்தைக் கண் அளவாக எடுத்துக்கொள்கிறது. ஒரு தூண் இன்னொன்றில் பாதி என்றால், எண்ணும் பாதி என்றே மனம் கணக்குப் போடும். எக்செல் செல்லுக்குள் போடும் தூண்கள், நீங்கள் சொல்லாவிட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. வரிசையின் மிகச் சிறிய எண்ணிலிருந்து தொடங்குகின்றன. 96, 98, 100 என்று மூன்று எண்கள் இருந்தால் முதல் தூண் ஒரு கீற்றாகவும், இரண்டாவது பாதியாகவும், மூன்றாவது முழுசாகவும் நிற்கும். தூண் போட்டால் அடிமட்டம் 0 என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. கோட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. சில சமயம் அதன் வடிவம் மட்டுமே போதும். ஆனால் ஏரி விஷயத்தில் 0 என்பது வெறும் எண் இல்லை, தண்ணீரே இல்லாத நிலை. அதனால் கோட்டுக்கும் 0-விலிருந்தே தொடங்குங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கிளைவாரியாக மாத விற்பனைக்கு இப்படிக் கோடுகள் போட்டுக் கூட்டத்தில் காட்டினேன். அளவை எக்செல்லிடமே விட்டிருந்தேன். ஒரு கிளையின் கோடு கடைசி மாதத்தில் செங்குத்தாகக் கீழே விழுந்தது. உண்மையில் குறைந்தது நூற்றுக்கு மூன்று. அடுத்த வரிசையில் இருந்த இன்னொரு கிளை மூன்றில் ஒரு பங்கு விற்பனையை இழந்திருந்தது. அதன் கோடும் அதே அளவுதான் விழுந்திருந்தது. கூட்டத்தில் திட்டு வாங்கியது முதல் கிளையின் மேலாளர். எண்கள் பக்கத்திலேயே இருந்தன, ஒருவரும் படிக்கவில்லை. படம் இருக்கும் இடத்தில் கண் படத்துக்குத்தான் போகும். அந்த மனிதர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அளவைப் பூட்டாமல் ஒரு கோட்டையும் யாருக்கும் நான் அனுப்பியதில்லை.

சதவீதத்தில் போட்டால் ஒரு விஷயம் இழப்பாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணன்கோட்டை 90 சதவீதமும் செம்பரம்பாக்கம் 90 சதவீதமும் ஒரே கோடாகத் தெரியும். ஊருக்கு அவை தரும் தண்ணீர் ஒன்றில்லை. அதற்குக் கோட்டின் பக்கத்துப் பத்தியில் இன்றைய இருப்பை மில்லியன் கன அடியில் எழுதி, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் டேட்டா பார் போடுங்கள். போக்குக்குக் கோடு, அளவுக்குப் பட்டை. டேட்டா பார் எக்செல் 2007-இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிப்பில் மிகச் சிறிய எண்ணுக்கும் செல்லின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்குப் பட்டை போடும். வற்றிய ஏரியிலும் கொஞ்சம் தண்ணீர் இருப்பதுபோல் காட்டும். 2010-இல் சரிசெய்துவிட்டார்கள். பள்ளிக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் இதைக் கவனியுங்கள்.

இனி கண்ணன்கோட்டை. அந்த நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்ததே 2020 நவம்பரில்தான். 2018-க்கும் 2019-க்கும் அந்த வரிசையில் நீங்கள் 0 என்று நிரப்பியிருக்கிறீர்கள். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் ஏறக்குறைய முழுதாக வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. அந்த 0 உண்மையான 0. கண்ணன்கோட்டையின் 0 அப்படிப்பட்டதில்லை. அங்கே ஏரியே இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி தரையில் ஓடவிட்டால், 2019-இல் ஐந்து ஏரிகளும் வறண்டன என்று ஒரு மாணவர் எழுதிவிடுவார். அது தவறான வரலாறு.

அந்த 0-களை அழித்துக் காலியாக விடுங்கள். எக்செல் காலி செல்லை இடைவெளியாகவே விடும்; அதுதான் இயல்பான அமைப்பு. வேண்டுமானால் பூஜ்யமாகக் காட்டு, அல்லது இருபுறமும் உள்ள புள்ளிகளை இணைத்துவிடு என்றும் சொல்லலாம். இணைப்பதை நான் விரும்புவதில்லை. ஒரு மாதம் பதிவு தவறிவிட்டால் அந்த இடம் விட்டுப்போயிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, சதவீத ஷீட்டில். காலி செல்லைக் கொள்ளளவால் வகுத்தால் எக்செல் தரும் விடை 0. முதல் ஷீட்டில் நீங்கள் கவனமாக விட்ட காலியிடம் இரண்டாவது ஷீட்டில் மறுபடி வறட்சியாகிவிடும். அதனால் ஃபார்முலாவை இஃப் வைத்து எழுதுங்கள்: மூலச் செல் காலியாக இருந்தால் என்ஏ, இல்லாவிட்டால் வகுத்த விடை. என்ஏ என்ற ஃபங்ஷன் செல்லில் பிழைக்குறி மாதிரி அசிங்கமாகத் தெரியும், ஆனால் கோடு அந்த இடத்தில் தரைக்கு இறங்காது. அதற்குப் பதில் வெற்று மேற்கோள் குறி போட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், எக்செல் மட்டும் அதைக் காலி செல் என்று ஒப்புக்கொள்ளாது. அந்த ஷீட்டை யாரும் பார்க்கப் போவதில்லை, அசிங்கமாகவே இருக்கட்டும்.

பத்திகளை மறைத்தால் கோடும் மறைவதைத் தடுக்க வழி: ஸ்பார்க்லைன் டேபில் எடிட் டேட்டாவின் கீழ் மறைந்த, காலிச் செல்கள் பற்றிய பெட்டி ஒன்று இருக்கிறது. மறைந்த வரிசை, பத்திகளின் எண்களையும் காட்டு என்று டிக் செய்யுங்கள். நான் சொன்னபடி எண்களை வேறு ஷீட்டில் வைத்தால் பத்திகளை மறைக்கும் தேவையே வராது. கூடவே ஒன்று: கோட்டை நீக்க டெலீட் பொத்தானை அழுத்திப் பயனில்லை. கோடு செல்லின் பின்னணியில் இருப்பது. செல்லில் எழுத்து இருந்தால் அதுதான் அழியும். ஸ்பார்க்லைன் டேபில் உள்ள கிளியர்தான் கோட்டை எடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் எண்களுக்கு இது மிக முக்கியம். கோட்டை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிக்காதீர்கள். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில். ஏரி நிரம்புவது அப்போது. பிறகு அடுத்த ஆறேழு மாதம் அதைக் குடித்துத் தீர்க்கிறோம். காலண்டர் ஆண்டாக வெட்டினால் நிரம்பியது ஒரு கோட்டிலும் குடித்தது இன்னொரு கோட்டிலும் போய்ச் சேரும். ஒவ்வொரு கோடும் இறங்கி, கடைசியில் திடீரென்று ஏறி அறுந்துபோகும். எந்த மழை எந்தக் கோடையைக் காப்பாற்றியது என்பது தெரியாது. ஜூனில் தொடங்கி மே வரை ஒரு நீராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்விலிருந்து தொடங்கி, ஏறி, நின்று, வழிந்து இறங்கி, மறுபடி தாழ்வில் முடியும். ஓர் ஏரியின் ஓராண்டு வாழ்க்கை ஒரு செல்லில் முழுதாக அடங்கிவிடும். நடப்பு ஆண்டுக்கும் பன்னிரண்டு மாத இடத்தையும் கொடுத்துவிட்டு வராத மாதங்களை என்ஏ-யாக விடுங்கள். கோடு பாதியில் நிற்கும், மேலே உள்ள சென்ற ஆண்டுக் கோட்டோடு மாதத்துக்கு மாதம் நேராகப் பொருந்தும்.

மாத முதல் தேதியில் இருப்பு எடுப்பது நல்ல பழக்கம். விடுமுறையில் தவறி, சில மாதம் பத்தாம் தேதி, சில மாதம் இரண்டு தடவை என்று எடுத்திருந்தால் ஆக்சிஸ் பட்டியலில் டேட் ஆக்சிஸ் என்பதைத் தேர்ந்து, தேதிகள் உள்ள வரிசையைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் எக்செல் எல்லாப் புள்ளிக்கும் சம இடைவெளி கொடுக்கும். ஒரு வாரத்தில் ஏறியதும் ஒரு மாதத்தில் ஏறியதும் ஒரே சரிவாகத் தெரியும்.

ஏரியின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் எடுத்துக் கோடு போடலாமா என்று மாணவர்கள் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏரியும் அணையும் அண்டா மாதிரி நேர்ச்சுவர் உள்ளவை இல்லை. அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். மேல்மட்டத்து ஓர் அடியில் இருக்கும் தண்ணீர் அடிமட்டத்து ஓர் அடியில் இருப்பதைவிடப் பல மடங்கு. மேட்டூரில் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் 100 அடிக்கு இறங்கினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, தண்ணீரோ சுமார் 65 டி.எம்.சி.க்கு வந்துவிடும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மட்டத்தை வரைந்த கோடு நிலைமையை மென்மையாக்கிக் காட்டும். இருப்பையே வரையுங்கள். இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி: பருவமழையின் நடுவில் செம்பரம்பாக்கத்தின் கோடு உச்சியைத் தொடாமல் சற்றுக் கீழேயே சமமாக ஓடினால், மழை நின்றுவிட்டதென்று பொருளில்லை. வெள்ளப் பாதுகாப்புக்காக முழு மட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி, வரும் உபரியை அடையாற்றில் திறந்துவிடுவார்கள். இருப்புக் கோடு ஏரிக்குள் இருப்பதை மட்டுமே காட்டும், அதன் வழியாகக் கடந்துபோனதைக் காட்டாது. இதை வகுப்பில் ஒரு தடவை விளக்கிவிட்டால் போதும்.

செல்லின் உருவத்துக்கு வருவோம். இந்தச் சின்னக் கோட்டுக்கு ஸ்பார்க்லைன் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி. 2006-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். வாக்கியத்துக்கு நடுவில் ஒரு சொல் எவ்வளவு இடம் எடுக்குமோ அவ்வளவு இடத்தில் ஒரு படம் என்பது அவர் எண்ணம். நோயாளியின் ரத்தச் சர்க்கரையை அவர் உதாரணம் காட்டுவார்: கோடு, கடைசி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் அந்த எண், பின்னால் இயல்பான அளவு எது என்று காட்டும் ஒரு சாம்பல் பட்டை. அந்தச் சாம்பல் பட்டைதான் கோட்டுக்கு அர்த்தமே கொடுக்கிறது. வருத்தம் என்னவென்றால் எக்செல் செல்லுக்குள் அதைப் போட வழி வைக்கவில்லை. அதனால்தான் சென்ற ஆண்டுக் கோட்டை மேலேயே வைக்கச் சொல்கிறேன். அது பட்டையின் வேலையில் பாதியையாவது செய்யும்.

சரிவு சுமார் 45 பாகையில் இருக்கும்போது கண் அதை மிக நன்றாக ஒப்பிடுகிறது என்று வில்லியம் கிளீவ்லாந்து என்ற புள்ளியியலாளர் 1980-களில் காட்டினார். செல்லை மிக அகலமாக்கினால் எல்லாம் சமவெளியாகும். குறுக்கினால் எல்லாம் மலையாகும். பன்னிரண்டு புள்ளிக்கு வரிசை உயரத்தைச் சாதாரண உயரத்தில் இரண்டு மடங்காக்கி, அகலத்தை உயரத்தைப் போல மூன்று மடங்கு வைத்துப் பாருங்கள்; அதிலிருந்து கண்ணால் சரிசெய்துகொள்ளலாம். ஒன்று மட்டும் மாறக் கூடாது: ஐந்து ஏரிகளின் செல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அச்சின் அளவைப் பூட்டிவிட்டு ஒரு வரிசையை மட்டும் உயரமாக்கினால் பூட்டியதே வீண்.

நிறத்தில் சிக்கனம் வேண்டும். மார்க்கர்ஸ் என்பதை டிக் செய்து எல்லா மாதத்துக்கும் புள்ளி வைத்தால் கோடு முள்கம்பி ஆகிவிடும். கோட்டைச் சாம்பலாக்கி, தாழ்ந்த புள்ளிக்கு மட்டும் அழுத்தமான ஒரு நிறம் கொடுங்கள். ஏரிக்கு அதுதானே செய்தி. ஏற்றத்துக்குப் பச்சை, இறக்கத்துக்குச் சிவப்பு என்று பிரிக்க வேண்டாம். ஆண்களில் பன்னிரண்டு பேரில் ஒருவர் அளவுக்கு இந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறியச் சிரமப்படுகிறார்கள். ஒரு வகுப்பில் ஓரிரு மாணவர்களாவது அப்படி இருப்பார்கள்.

மாணவர்கள் வீட்டில் கூகுள் ஷீட்ஸில் செய்வதாக எழுதியிருந்தீர்கள். அங்கே இது பட்டன் இல்லை, ஸ்பார்க்லைன் என்ற ஃபங்ஷன். சமக்குறி போட்டு, பெயரை ஆங்கிலத்தில் அடித்து, அடைப்புக்குறிக்குள் எண்கள் உள்ள வரம்பு, காற்புள்ளி, பிறகு நெளிவு அடைப்புக்குள் விருப்பங்கள். ஒவ்வொரு விருப்பமும் மேற்கோளுக்குள் ஒரு பெயர், காற்புள்ளி, மதிப்பு. அடுத்த விருப்பத்துக்கு முன் அரைப்புள்ளி. நமக்குத் தேவையானவை ஒய்மின் 0, ஒய்மேக்ஸ் 1. ஃபார்முலாவை ஒரு செல்லில் எழுதிக் கீழே இழுத்தால் அளவும் கூடவே வந்துவிடும், குழுவாக்கும் வேலை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கூகுளின் முறையே பிடித்திருக்கிறது. ஆனால் செல்லில் ஃபார்முலா இருப்பதால் அங்கே வேறு எழுத்து எழுத முடியாது. இரண்டும் அடிப்படையில் வேறு வேறு வகை என்பதால், ஷீட்ஸிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினால் கோடுகளும் ஒழுங்காக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்களை மட்டும் கொண்டுபோய் அங்கே புதிதாகப் போடுங்கள். லிப்ரே ஆபிஸில் 2022-இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து ஸ்பார்க்லைன் உண்டு.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குக் கோட்டை எப்படி அனுப்புவது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. படம் பிடித்து அனுப்பலாம். அதைவிட அழகான வழி, எழுத்திலேயே வரைவது. யூனிகோடில் உயரம் கூடிக்கொண்டே போகும் எட்டுக் கட்டைகள் இருக்கின்றன: ▁▂▃▄▅▆▇█. இந்த எட்டையும் ஒரு சரமாக மேற்கோளுக்குள் வைத்து, மிட் ஃபங்ஷனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றை எடுக்க வேண்டும். எத்தனையாவது என்பதற்கு: சதவீத மதிப்பை 7-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, 1 கூட்டுங்கள். வறண்ட ஏரிக்கு முதல் கட்டை, நிரம்பியதற்கு எட்டாவது. பன்னிரண்டையும் டெக்ஸ்ட்ஜாயின் வைத்துச் சேர்த்தால் ஜூன் முதல் மே வரை இப்படி ஒரு வரி கிடைக்கும், இது வடிவத்துக்காக நான் போட்ட மாதிரி மட்டுமே: ▃▂▂▂▃▅▇█▇▆▅▄. அளவு 0-விலிருந்து 1 என்பது இதில் ஃபார்முலாவிலேயே கட்டப்பட்டிருப்பதால் ஐந்து ஏரிகளையும் அச்சமில்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பலாம். என்ஏ உள்ள மாதத்துக்கு மட்டும் ஒரு நடுப்புள்ளி வருமாறு இஃப்எரர் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முழு வரியும் பிழையாகிவிடும். ஸ்பார்க்லைன் வருவதற்கு முன்பு எக்செல்லில் நாங்கள் ரெப்ட் ஃபங்ஷனால் செங்குத்துக் கோட்டுக்குறியைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் செல்லுக்குள் பட்டை போட்டுக்கொண்டிருந்தோம். இது அதே குடும்பம்.

சுவரில் ஒட்டும் தாளுக்கு இந்த வரிசையில் வையுங்கள்: ஏரியின் பெயர், 2018 முதல் இன்றுவரையிலான நீண்ட கோடு, சென்ற நீராண்டுக் கோடு, அதன் கீழ் இந்த ஆண்டுக் கோடு, இன்றைய சதவீதம் எண்ணாக, சென்ற ஆண்டு இதே தேதியின் சதவீதம் எண்ணாக, மில்லியன் கன அடியில் இருப்பு பட்டையோடு. தாளின் அடியில் "ஒவ்வொரு கோட்டின் கீழ் விளிம்பு 0, மேல் விளிம்பு முழுக் கொள்ளளவு" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், கொள்ளளவு எண்களையும் பக்கத்தில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதாக இருந்தால் கோட்டின் தடிமனை ஒரு படி கூட்டிவிடுங்கள். திரையில் சரியாக இருக்கும் சாம்பல் கோடு பள்ளி ஜெராக்ஸில் காணாமல் போய்விடும்.